கருப்பைப் புற்றுநோய் சிகிச்சைக்குப் பின் இன்சுலின் ஊசி: விளக்கம் தேவை

என் அம்மாவுக்கு வயது 61, உடல் நிறை குறியீட்டெண் (பிஎம்ஐ) 34, அதாவது உடல் பருமன், பல ஆண்டுகளாக இரண்டாம் வகை நீரிழிவு. கருப்பை உட்சவ்வுப் புற்றுநோய்க்கான அறுவை சிகிச்சைக்குப் பிறகு மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை, உணவுக் கட்டுப்பாடு, நடைப்பயிற்சி அனைத்தையும் விடாமல் கடைப்பிடித்தும் ஹெச்பிஏ1சி (சுமார் மூன்று மாதச் சராசரி இரத்தச் சர்க்கரையைக் காட்டும் அளவு) 8.6-லிருந்து இறங்காததால், இன்சுலின் ஊசி போடச் சொல்கிறார்கள்.

கொழுப்புத் திசு மிகும்போது உடல் இன்சுலினுக்குச் சரிவர இணங்காமல் போக, கணையம் அதை மேலும் சுரக்கிறது என்றும், அந்த மிகை இன்சுலின் புற்றுநோய்ச் செல்களைப் பெருகத் தூண்டக்கூடும் என்றும் படித்ததால்தான் தயங்குகிறோம். 2012-இல் வெளியான ஆரிஜின் என்ற பெரிய மருத்துவ ஆய்வில், கிளார்ஜின் என்ற நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலின் புற்றுநோயைக் கூட்டவில்லை என்பது பெரிய ஆறுதல். ஆனால் அது புற்றுநோயிலிருந்து மீண்டவர்களுக்கென நடத்தப்பட்டதன்று. நீரிழிவு மருத்துவரும் புற்றுநோய் மருத்துவரும் மற்றவரைக் கேட்கச் சொல்கிறார்கள்.

சர்க்கரையோடு எடையையும் குறைக்கும் ஜிஎல்பி-1 வகை மருந்தை (குடல் சுரக்கும் ஜிஎல்பி-1 ஹார்மோனைப் போலச் செயல்படுவது), அம்மாவின் நிலையில் இன்சுலினுக்கு முன்பாக முயல்வது பொருந்துமா?