தங்கக் கூழ்மம் ஆன்டிபாடி சேர்த்ததும் நீலமாகிவிடுகிறது, எங்கே தப்பு?

கடைசி_செமஸ்டர்:
எம்.எஸ்சி. பயோடெக் புராஜெக்டுக்குக் கர்ப்பப் பரிசோதனை ஸ்ட்ரிப் செய்கிறேன். கொதிக்கும் தங்கக் குளோரைடு கரைசலில் சோடியம் சிட்ரேட் விட்டேன். நிறமில்லாமல் இருந்து, கருநீலமாகி, கடைசியில் அழகான சிவப்புக் கூழ்மம் (நுண்ணிய தங்கத் துகள்கள் மிதக்கும் நீர்மம்) வந்தது. ஸ்பெக்ட்ரோவில் உச்சம் 525 நானோமீட்டர். அதுவரை சரி. ஆன்டிபாடியை (ஹார்மோனைப் பிடிக்கும் புரதம்) பி.பி.எஸ். பஃபரில் (பி.எச். மாறாமல் வைக்கும் பாஸ்பேட் கரைசல்) கரைத்து ஊற்றியதும் கண்ணெதிரே ஊதா, அப்புறம் சாம்பல் நீலம். மறுநாள் காலையில் அடியில் கறுப்பாகப் படிந்து கிடக்கிறது. மூன்று தடவை ஆயிற்று. கைடிடம் இன்னொரு குப்பி தங்கக் குளோரைடு கேட்க முகமில்லை.

பீக்கர்:
கண்ணாடிச் சாமான்களை ராஜ திராவகத்தில் கழுவினீர்களா?

கடைசி_செமஸ்டர்:
கழுவினேன். சிவப்பு நன்றாகத்தானே வந்தது.

பழைய_கியூசி:
அப்படியானால் பாத்திரத்தில் குற்றமில்லை. பதினொரு வருடம் ஸ்ட்ரிப் கம்பெனியில் தரச் சோதனை பார்த்தவள் சொல்கிறேன், உன் பி.பி.எஸ்.-தான் வில்லன்.

தங்கத் துகள்களின் மேல் சிட்ரேட்டின் எதிர் மின்னூட்டம் போர்த்தியிருக்கிறது. அதனால்தான் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கின்றன. பி.பி.எஸ்.-ல் 0.8 சதவீதம் சமையல் உப்பு. உப்பு அந்தத் தள்ளலை மறைத்துவிடும், துகள்கள் ஒட்டிக்கொள்ளும், நிறம் நீலத்துக்கு ஓடிவிடும். 1857-லேயே ஃபாரடே பார்த்த சங்கதி இது. நீலமானதை மீட்கப் பார்க்காதே, நேரம்தான் வீண்.

ஆன்டிபாடியை 5 மில்லிமோலார் பாஸ்பேட்டில் இரவு முழுக்க டயாலிசிஸ் போடு, சவ்வுப் பை வழியாக உப்பு வெளியேறிவிடும். குப்பியின் லேபிளையும் படி. பி.எஸ்.ஏ.யோ (மாட்டு ரத்தப் புரதம்) ஜெலட்டினோ கலந்த ஆன்டிபாடி என்றால் அதுவே முந்திக்கொண்டு தங்கத்தில் இடம்பிடித்துவிடும்.

தங்கத்தின் பி.எச்.சைப் பொட்டாசியம் கார்பனேட் விட்டு 8.5 பக்கம் கொண்டு வா. பி.எச். எலக்ட்ரோடை மட்டும் கூழ்மத்துக்குள் விட்டுவிடாதே, தங்கம் படிந்து அடைத்துக்கொள்ளும். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் நான் ஒன்றைக் கெடுத்தேன், மேனேஜர் முகம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. பி.எச். தாள் போதும்.

அப்புறம் பத்துச் சின்னக் குழாய், ஒவ்வொன்றிலும் 1 மில்லி தங்கம். ஆன்டிபாடியை ஏறுவரிசையில் போட்டுப் பத்து நிமிடம் விடு. பிறகு 10 சதவீத உப்புக் கரைசல் 100 மைக்ரோலிட்டர். சிவப்பு மாறாமல் நிற்கும் மிகக் குறைந்த அளவுதான் உனக்கு வேண்டியது, அதற்குக் கொஞ்சம் மேலே வைத்துக்கொள். கடைசியில் பி.எஸ்.ஏ. போட்டு மிச்ச இடத்தை மூடு. முதலில் அல்ல!

பீக்கர்:
இந்த உப்புச் சோதனை 1901-ல் வேதியியலாளர் சிக்மாண்டி சொன்ன 'தங்க எண்' தானே, உப்பு விட்டாலும் தங்கம் நிறம் மாறாமல் காக்கும் குறைந்த அளவு? அதே 10 சதவீத உப்பு.

பழைய_கியூசி:
அதேதான். அவர் ஜெலட்டினுக்குப் பார்த்தார், நாங்கள் ஆன்டிபாடிக்குப் பார்க்கிறோம். இன்னொன்று, இந்த நீலத்தையே சோதனையாக ஆக்கியவர்களும் உண்டு. 1996-ல் மிர்கின் குழு டி.என்.ஏ. இழைகளால் தங்கத் துகள்களைக் கோத்தது. இழைகள் சேர்ந்தால் நிறம் மாறும்.

கடைசி_செமஸ்டர்:
அக்கா, லேபிளில் பி.எஸ்.ஏ. இல்லை. டயாலிசிஸ் முடித்துக் குழாய்களைப் போட்டேன். முதல் மூன்றும் நீலம், நாலாவதிலிருந்து சிவப்பு! ஸ்ட்ரிப்பில் கட்டுப்பாட்டுக் கோடு (ஸ்ட்ரிப் வேலை செய்கிறது என்று காட்டும் கோடு) மங்கலாகத்தான் வருகிறது, அதற்குத் தனிப் பதிவு போடட்டுமா?

பழைய_கியூசி:
போடு. ஸ்ட்ரிப்பில் எந்த மெம்பரேன் (சவ்வு), கோட்டில் எவ்வளவு ஆன்டிபாடி என்பதையும் சேர்த்து எழுது.