கிள்ளைத் திட்டுகளுக்குப் போக வழி சொல்லுங்கள்

வணக்கம். புதுச்சேரியில் தொண்டுப் பணிக்கு வந்திருக்கும் வெளிநாட்டுப் பிள்ளைகள் ஆறு பேரைப் பிச்சாவரம் பக்கம் அழைத்துப்போக வேண்டும். சுரபுன்னைக் காட்டைப் பார்க்கச் சுற்றுலாப் படகே போதும். எங்களுக்கு முக்கியம் மனிதர்கள். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் எம்.ஜி.ஆர். திட்டு என்ற மணல் தீவின் மக்கள் கரையிலுள்ள கிள்ளை ஊர்ப் பக்கம் குடியேறிவிட்டதால், திட்டுக்கு மட்டும் போனால் யாரோடும் பேச முடியாது. அதனால் காலையில் கிள்ளை, பிறகு படகு என்று நினைக்கிறோம்.

நேரம்தான் சிக்கல். ஓதம், அதாவது கடல்நீர் மட்டம், ஏறும் நேரம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். போன வாரக் கணக்கு இந்த வாரம் உதவாது. வற்றும்போது முகத்துவாரத்தில் படகு மணலில் தட்டி நின்றுவிடும். எனவே தண்ணீர் ஏறும்போதே உள்ளே போய், வற்றுவதற்குள் திரும்ப வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் போகவே மாட்டோம். அந்தச் சுரபுன்னைக் காட்டில் வளரும் தில்லை மரத்தின் கிளையை ஒடிக்காதீர்கள் என்று பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவிடுவோம். வெள்ளையாக வடியும் அந்தப் பால் கண்ணில் பட்டால் பார்வையையே பாதிக்கும். ஆளுக்கு 2 லிட்டர் குடிநீர், உயிர்காப்பு உடை கட்டாயம். வலை பிரிக்கும் பெண்களைக் கேட்காமல் படம் எடுக்கக்கூடாது.

கிள்ளை அண்ணன்மாரே, அக்காமாரே: வாய்க்கால் தெரிந்த படகுக்காரர் யார்? ஊர்ப் பெரியவர்களிடம் முதலில் யார் மூலமாகப் பேசுவது? வனத்துறை அனுமதியை எங்கே கேட்பது? படகுக் கூலி, சாப்பாட்டுச் செலவு முழுவதையும் அங்குள்ள குடும்பங்களுக்கே கொடுக்க விரும்புகிறோம். விவரத்தைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள்.