ஊர்ப் பாட்டுல ஒண்ணே ஒண்ணு மட்டும் பதிவு பண்ணி வைக்கலாம்னா எதை எடுக்கலாம்?

சிறுமலை அடிவாரம் எழுதுனது:

எல்லாருக்கும் வணக்கம். நமக்கு வாடிப்பட்டிக்கு மேக்க, மலை அடிவாரத்துல ஒரு சின்ன ஊரு. ஊர்ல பழைய பாட்டு தெரிஞ்ச பெருசுங்க கொஞ்சப் பேருதான் மிச்சம் இருக்காங்க, அதனால இளைஞர் மன்றத்துல பணம் வசூல் பண்ணி நல்ல மைக் வச்சு பதிவு பண்ணுவோம்னு முடிவு பண்ணிருக்கோம். ரெக்கார்டிங் பண்ற அண்ணன் ஒருத்தரு ஒருநாள் பொழுது வர்றேன்னுருக்காரு. பத்துப் பாட்ட அரைகுறையா எடுக்குறதுக்கு ஒரு பாட்ட மொதல்ல இருந்து கடைசி வரைக்கும் ஒரு அடி விடாம எடுத்து, எழுதியும் வச்சு, இன்னும் அம்பது வருசம் கழிச்சு வர்ற பிள்ளைங்க கேட்டாலும் புரியுற மாதிரி வைக்கணும்னு எனக்கு ஆசை.

எதை எடுக்குறதுங்கிறதுலதான் பிரச்சனை. எங்க அப்பத்தா பாடுற தாலாட்டு இருக்கு, "மாமன் அடிச்சாரோ மல்லிகப்பூச் செண்டால"ன்னு வர்றது, கேட்டாலே எனக்கு நெஞ்சு கலங்கிரும். நடவுப் பாட்டு தெரிஞ்ச அக்காமாரு ரெண்டு மூணு பேரு இருக்காங்க. பக்கத்துத் தெருவுல ஒரு தாத்தா அழகர் வர்ணிப்பு பாடுவாரு. இன்னொரு தாத்தா கமலைப் பாட்டு, அதாவது மாடு பூட்டிக் கெணத்துத் தண்ணி எறைக்கும்போது பாடுறது, தெரியும்னு சொல்றாரு, ஆனா நாங்க யாரும் இதுவரைக்கும் அவர உக்காரவச்சுக் கேட்டதில்ல. வாட்ஸ்அப் குரூப்ல ஓட்டு வச்சா எல்லாப் பயலும் சினிமாவுல வந்த தெம்மாங்கு மெட்டுக்குப் போடுறாய்ங்க. நீங்களா இருந்தா எதை எடுப்பீங்க, ஏன்னும் சொல்லுங்க.

மேலூர்க்காரி எழுதுனது:

தம்பி, நடவுப் பாட்ட எடுங்க. பேரணைல இருந்து கள்ளந்திரி வரைக்கும் இருபோகம் வெளையுதுன்னா 1895-ல பெரியாத்துத் தண்ணிய இங்கிட்டுத் திருப்புனதுனாலன்னு எல்லாரும் பேசுறாங்க, அந்தத் தண்ணில முழங்காலளவு சேத்துல நின்னு நட்ட பொம்பளைங்க என்ன பாடுனாங்கன்னு யாரும் எழுதி வைக்கல. எங்க அம்மாச்சி முன்பாட்டு பாடுவாங்க, மத்தவங்க பின்பாட்டு, நடுவுல குலவை. பாட்டு வேகம் எடுத்தா கையும் வேகம் எடுக்கும், வெயில் ஏற ஏற பாட்ட மாத்துவாங்க. இப்ப நடவு மிஷின் வந்துருச்சு, ஆளு வச்சு நட்டாலும் யாராவது ஒருத்தர் போன்ல பாட்டப் போட்டுவிட்டுர்றாங்க.

ஒண்ணு மட்டும் கண்டிப்பா சொல்றேன். நடவுப் பாட்டுல நெலத்துக்காரச் சம்சாரிய, கூலி கொறச்சுக் குடுக்குறவர, வரப்புல கொடை பிடிச்சு நிக்கிறவர எல்லாம் சாடை பேசுற அடிங்க வரும். ஊர்ப் பெரிய மனுசங்க கேப்பாங்களேன்னு அதையெல்லாம் வெட்டிட்டு மிச்சத்த எடுத்தீங்கன்னா அந்தப் பாட்ட எடுக்காமலே இருந்துரலாம். அந்தப் பொம்பளைங்க மொகத்துக்கு நேரா சொல்ல முடியாதத சொன்ன ஒரே எடம் அதுதான்.

ஒப்பாரி யாராவது கேட்டா வீட்டுக்குள்ள பாடச் சொல்லாதீங்க. எழவு விழாத வீட்டுல ஒப்பாரி பாடக்கூடாதுன்னு பெரியவங்க மாட்டேன்னுருவாங்க, வற்புறுத்துறதும் தப்பு. தோப்பு, களத்துமேடுன்னு போனா சிலபேரு பாடுவாங்க.

தல்லாகுளம் வாசி எழுதுனது:

எனக்கு மாத்துக் கருத்து இருக்கு. மதுரைக்குன்னு ஒரு பாட்டுன்னா அது அழகர் வர்ணிப்புதான், வேற பேச்சே இல்ல. தாலாட்டும் நடவும் எல்லாச் சீமையிலயும் உண்டு, சாமி மலைய விட்டு எறங்குறது, மூணுமாவடி எதிர்சேவை, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் மாலை, தங்கக் குதிரையில ஆத்துல எறங்குறது, மண்டூக முனிவருக்கு சாப விமோசனம், ராமராயர் மண்டபத்துல தசாவதாரம், அப்புறம் மலைக்குத் திரும்புறதுன்னு அம்புட்டையும் வரிசையா பாட்டாவே சொல்ற ஊரு வேற எது? திரி எடுத்து ஆடுறவங்களும் தண்ணி பீச்சுறவங்களும் போற கூட்டத்துல வர்ணிப்பு பாடுறவர் கொரல் மட்டும் தனியா கேக்கும். ஆய்வாளர் தொ.பரமசிவன் அழகர் கோயில் பத்தி எழுதுன ஆய்வ 1989-ல மதுரை காமராசர் பல்கலைக்கழகம் புத்தகமாப் போட்டுச்சு, அதுலயும் வர்ணிப்பப் பத்தி விரிவா இருக்கு, படிங்க. அழகர் கோயில் காவல் சாமி பதினெட்டாம்படி கருப்புக்கும் தனி வர்ணிப்பு உண்டு.

சிறுமலை அடிவாரம் எழுதுனது:

அண்ணே, நீங்க சொல்றது சரிதான், ஆனா தாத்தா முழுசா பாடுனா ராத்திரி பூராப் போகும்ங்கிறாரு. அதோட சித்திரைக்குச் சித்திரை ஊர் ஊருக்குக் குழு வச்சு இப்பவும் பாடிக்கிட்டுத்தான இருக்காங்க, சின்ன வயசுப் பசங்களும் கத்துக்குறாங்க. அது கைவிட்டுப் போயிரும்னு எனக்குத் தோணல.

திருநகர் கிட்டார் எழுதுனது:

நான் அமெரிக்கா கண்ட்ரி மியூசிக் நெறைய கேப்பேன், இந்தக் கேள்வி அங்க ரொம்பக் காலமா ஓடுது, அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன். அங்க லைப்ரரி ஆஃப் காங்கிரஸ்னு தேசிய நூலகம், 2000-ல வந்த ஒரு சட்டப்படி வருசத்துக்கு 25 ஒலிப்பதிவத் தேர்ந்தெடுத்துக் காப்பாத்துது, பதிவாகி பத்து வருசமாவது ஆகியிருக்கணும். பேட்ஸி கிளைன் 1961-ல பாடுன 'கிரேஸி' அதுல இருக்கு. லொரெட்டா லின் தன் அப்பா கென்டக்கி நிலக்கரிச் சுரங்கத்துல வேலை பாத்தது, வீட்டுல பட்ட கஷ்டம்னு எழுதிப் பாடுன 'கோல் மைனர்ஸ் டாட்டர்' இருக்கு. கவனிங்க, அவங்க தேர்ந்தெடுக்குறது பாட்ட இல்ல, ஒருத்தர் ஒரு தடவ பாடுன பதிவ. அதனால மொதல்ல எந்தப் பாட்டுன்னு யோசிக்காம எந்த ஆளுன்னு யோசிங்கன்னு சொல்லுவேன்.

இன்னொரு விசயம். 1927-ல டென்னசி வர்ஜீனியா எல்லையில இருக்குற பிரிஸ்டல் ஊருக்கு ரால்ப் பியர்ங்கிற ரெக்கார்டு கம்பெனிக்காரரு மைக் மிஷினோட வந்து எறங்குனாரு, மலை ஊருக்காரங்க வந்து பாடுனாங்க. கார்ட்டர் குடும்பம்னு கண்ட்ரி மியூசிக்ல பேர் போன பாட்டுக் குழு வெளிய தெரிஞ்சது அப்பத்தான். அப்புறமா அந்தக் குடும்பத்துல ஏ.பி.கார்ட்டர் வீடு வீடாப் போய் பழைய பாட்டாச் சேத்தாரு, கூட லெஸ்லி ரிடில்னு ஒரு கறுப்பினக் கிட்டார்காரரக் கூட்டிட்டுப் போவாரு. கார்ட்டர் வரிய எழுதிக்குவாரு, ரிடில் மெட்ட மனசுல வாங்கிக்குவாரு. மெட்டு நமக்குக் கெடச்சதே அந்த மனுசனாலதான், ஆனா அவரு பேரு அந்த ரெக்கார்டுகள்ல வரல. 1960கள்ல மைக் சீகர்ங்கிறவரு தேடிப்போய்த்தான் அவரப் பாட வச்சுப் பதிவு பண்ணாரு. அதனால பாடுறவங்க பேரு, ஊரு, யார்கிட்ட கத்துக்கிட்டாங்கன்னு பதிவுலயே அவங்க வாயால சொல்ல வைங்க.

கார்ட்டர் குடும்பம் 1928-ல பாடுன 'வைல்ட்வுட் ஃப்ளவர்' 1860-ல அச்சுல வந்த பாட்டு, வாய்வழியா வந்ததுல சில வரி சிதைஞ்சு அர்த்தமே பிடிபடாது. அப்படியேதான் பாடுனாங்க, இன்னைக்கு எல்லாரும் பாடுறது அந்த வடிவத்தத்தான். உங்க பெருசுங்க பாடுறதுல ஏதாவது வரி தப்பா இருக்குன்னு நெனச்சுத் தமிழ் வாத்தியார வச்சுத் திருத்திராதீங்க.

உசிலம்பட்டி சம்சாரி எழுதுனது:

தம்பி, நான் கமலைக்குத்தான் ஓட்டுப் போடுவேன். எங்க அய்யா கமலை எறச்சவரு. மாடு சரிவுல எறங்கும்போது வடத்துமேல ஏறி உக்காந்துக்குவாரு, தண்ணி மொள்ளுற சால் நெறஞ்சு கெணத்துக்கு மேல வரும், வாய்க்கால்ல தண்ணி கொட்டுனதும் மாடு பின்னுக்கே நடந்து மேல வரும். எறங்கும்போது பாட்ட நீட்டி இழுப்பாரு, தண்ணி கொட்டுற சத்தத்தோட நிறுத்துவாரு, மாடு பின்னால வரும்போது பாட்டு கெடையாது, மாட்டோட பேச்சுதான். அந்த நிறுத்தம் எங்க வரும்னு கமலை ஓட்டுன ஆளுக்குத்தான் தெரியும், வெறும் வரிய எழுதி வச்சா அது வராது. கரண்டு மோட்டார் வந்ததும் கமலை நின்னுச்சு, கமலை நின்னதும் பாட்டும் நின்னுச்சு.

தாலாட்டு பாட இன்னும் பிள்ளை பொறக்கும், அழகரும் வருசா வருசம் எறங்குவாரு. கமலை ஓட்டுன கடைசி ஆளுங்க இன்னைக்கு எழுவத்தஞ்சு எம்பது வயசுல இருக்காக. ஏத்தம் எறைக்கிறவன் "மூங்கில் எலை மேலே தூங்கும் பனிநீரே"ன்னு பாடிட்டு நிறுத்துனான், அடுத்த அடி என்னன்னு கேக்க கம்பரே மறுநாள் வரைக்கும் காத்துக் கெடந்தாருன்னு நம்ம கதை இருக்குல்ல, தண்ணி எறைக்கிறவன் பாட்டுக்கு அம்புட்டு மரியாதை இருந்துச்சு. உங்க ஊருத் தாத்தாவ இந்த வாரமே போய்ப் பாருங்க.

சிறுமலை அடிவாரம் எழுதுனது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேத்துச் சாயங்காலம் கமலைத் தாத்தா வீட்டுக்குப் போனேன். மொதல்ல தொண்டை போயிருச்சுப்பான்னாரு, அப்புறம் பிள்ளையார்ல ஆரம்பிச்சு நல்லாவே பாடுனாரு, உசிலம்பட்டி அய்யா சொன்ன அதே மாதிரி எடையில "ப்பா, ஏய், வா வா"ன்னு மாட்டக் கூப்புடுறாரு, நான் கேக்காமலே. மன்றத்துல பேசி கமலைப் பாட்டுதான்னு முடிவு பண்ணிட்டோம். மேலூர் அக்கா, நடவுப் பாட்டு அடுத்த வசூலுக்கு, ஒரு அடியும் வெட்ட மாட்டோம்னு இப்பவே பேசிட்டேன். பதிவு எங்க வச்சு எடுக்குறது, வீட்டுலயா கிணத்தடியிலயா?

திருநகர் கிட்டார் எழுதுனது:

கிணத்தடிதான். காலையில வெள்ளன, காத்து கெளம்புறதுக்கு முன்னாடி எடுங்க, பக்கத்து மோட்டார நிறுத்தச் சொல்லிருங்க, மைக்குக்குக் காத்துத் தடுப்பு பஞ்சு போடுங்க. மாடு வெரட்டுற சத்தத்தையும் பாட்டாவே நெனச்சு விடாம எடுங்க. பாடி முடிச்சதும் எந்த அடியில சால் எங்க இருக்கும்னு அவரையே சொல்ல வச்சு அதத் தனி ஃபைலா எடுங்க. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் ஃபார்மட். வாட்ஸ்அப்ல ஆடியோவா அனுப்புனா தரம் கொறஞ்சிரும், மூலத்த ரெண்டு ஹார்ட் டிஸ்க்ல ரெண்டு வீட்டுல வைங்க. தாத்தா சம்மதிச்சா இன்டர்நெட் ஆர்க்கைவ்ங்கிற இணைய நூலகத்துல ஏத்தலாம், பாளையங்கோட்டை சேவியர் காலேஜ் நாட்டார் வழக்காற்றியல் துறைக்கும் ஒரு பிரதி குடுக்கலாமான்னு கேட்டுப் பாருங்க. அந்த வீட்டுக்கும் ஒரு பென்டிரைவ் மறக்காமக் குடுங்க.