கொழுக்கட்டைப் புல்லில் மேயும் குதிரை கால் தாங்குகிறது, தீவனத்தில் குறையா?

கொறங்காட்டுக்காரன் (காங்கேயம் பக்கம்):
வணக்கம். எங்களுக்கு 4 ஏக்கர் கொறங்காடு இருக்கிறது. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே ஏழெட்டு வெள்வேல மரம், மற்றபடி முழுக்கக் கொழுக்கட்டைப் புல். அப்பா காலத்திலிருந்து மாடு மேய்கிற காடு. போன ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் கத்தியவாரி இனப் பெட்டைக்குதிரை ஒன்று வாங்கினேன். 5 வயது, செவலை, சுமார் 320 கிலோ இருக்கும். அன்றிலிருந்து பகலெல்லாம் இந்தக் காட்டில்தான் மேய்ச்சல். ராத்திரிக்கு கோ-4 தீவனப்புல் ஒரு கட்டு. தினமும் அரிசித் தவிடு 2 கிலோ, ஊறவைத்த கொள்ளு அரைக் கிலோ.

இரண்டு மாதமாகச் சரியில்லை. ஒரு நாள் இடது முன்னங்காலைத் தாங்குகிறது, நாலு நாள் கழித்துப் பின்னங்காலை. லாடம் அடிப்பவர் குளம்பைப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். இப்போது மெல்லுவதும் மெதுவாகிவிட்டது, பாதி மென்றதைக் கீழே போடுகிறது. போன வாரத்திலிருந்து கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவில் இரண்டு பக்கமும் லேசாக மேடு தட்டியது போலத் தெரிகிறது. வீட்டில் யாரும் நம்பவில்லை. அதே காட்டில் மேயும் மாடுகள் கொழுகொழுவென்று இருக்கின்றன. தவிட்டை இன்னும் கூட்டிப் பார்க்கட்டுமா?

ஆனைமலை வாசி:
பாதி மென்று துப்பினால் முதலில் பல்லைப் பாருங்கள் அண்ணா. கடைவாய்ப் பல் ஓரம் கூராக வளர்ந்து கன்னத்தைக் குத்தும். மருத்துவரை வைத்து ராவி விட்டால் சரியாகிவிடும். எங்கள் குதிரைக்கு அதுதான்.

தாராபுரம் லாயம்:
தம்பி, தவிட்டைக் கூட்டாதீர்கள். இன்றைக்கே நிறுத்துங்கள். பல்லைப் பார்ப்பது நல்லதுதான், ஆனால் அதோடு நின்றுவிடக் கூடாது. ஒன்பது வருடம் முன்பு நாங்களும் பல் என்று நினைத்துத்தான் மூன்று மாதத்தைக் கடத்தினோம். ஒரு நாள் வாய்க்கால் குழியில் கால் வைத்தது, எலும்பு முறிந்தது. காப்பாற்ற முடியவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கொழுக்கட்டைப் புல்லில் ஆக்சலேட் என்ற உப்பு அதிகம். அது கால்சியத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். மாட்டுக்குக் கவலையில்லை, முதல் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் ஆக்சலேட்டை உடைத்துவிடும். குதிரைக்கு அந்த வயிறு கிடையாது. புல் நொதிப்பது கடைசியில், பெருங்குடல் பக்கம். கால்சியம் உடம்பில் சேர வேண்டிய சிறுகுடலோ அதற்கு முன்னாலேயே வந்துவிடுகிறது. அதனால் புல்லில் இருக்கும் கால்சியம் லத்தியோடு போய்விடும். ரத்தத்தில் அது குறையக் கூடாதே, உடம்பு எலும்பைக் கரைத்து எடுத்துக்கொள்ளும். கரைந்த இடத்தில் நார்த்திசு வளர்ந்து முகம் புடைக்கும். ஆஸ்திரேலியாவில் இதே புல்லுக்கு பஃபல் கிராஸ் என்று பெயர், இந்த நோய்க்கு பிக் ஹெட் என்று பெயர். நீங்கள் பார்த்த மேடு உண்மைதான் என்று நினைக்கிறேன்.

கோ-4 நேப்பியர் கலப்பு, அதிலும் ஆக்சலேட் உண்டு. இதற்கு மேல் தவிடு வேறு. குதிரைத் தீவனத்தில் பாஸ்பரஸைவிடக் கால்சியம் ஒன்றரை, இரண்டு மடங்கு இருந்தால் நல்லது. அரிசித் தவிட்டில் தலைகீழ், கால்சியத்தைப் போலப் பத்து மடங்குக்கு மேல் பாஸ்பரஸ். நல்லது என்று நினைத்துத்தான் கொடுத்தீர்கள், நாங்களும் அப்படித்தான் கொடுத்தோம்.

உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். ஒன்றை மறக்க வேண்டாம்: ரத்தத்தில் கால்சியம் பெரும்பாலும் சரியாகத்தான் காட்டும், எலும்பிலிருந்து வந்துகொண்டே இருக்கிறதல்லவா. அதைப் பார்த்து விட்டுவிடாமல் மூத்திரத்தில் பாஸ்பரஸ் எவ்வளவு போகிறது என்றும் பார்க்கச் சொல்லுங்கள். சுண்ணாம்புத்தூள், தாது உப்பு அளவையெல்லாம் அவர் சொல்லட்டும். கால்சியம் சேரட்டும் என்று மாட்டுத் தீவனத்தை மட்டும் அள்ளி வைத்துவிடாதீர்கள். மோனென்சின் என்ற மருந்து கலந்த தீவனம் மாட்டுக்கு ஒன்றும் செய்யாது, குதிரையைக் கொன்றுவிடும்.

மழைக்குப் பின் வரும் இளந்துளிரில்தான் ஆக்சலேட் கூடுதல், அந்தச் சமயத்தில் கொறங்காட்டுக்குள் விடாதீர்கள். 320 கிலோ குதிரைக்கு ஒரு நாளைக்குக் காய்ந்த எடையில் 6 கிலோவுக்குக் கொஞ்சம் மேல் வேண்டும். அதில் மூன்றில் ஒரு பங்காவது குதிரைமசாலாக இருக்கட்டும். பெயரிலேயே குதிரை இருக்கிற தீவனத்தை நாம் மாட்டுக்கும் முயலுக்கும்தான் போடுகிறோம்! கிடைக்காவிட்டால் காய்ந்த கடலைக்கொடி, பூஞ்சணம் பிடிக்காததாக. வரப்பு அருகம்புல் எவ்வளவு கிடைத்தாலும் அறுத்துப் போடுங்கள். கொள்ளு இருக்கட்டும். தவிட்டைத் தவிர வேறு எதையும் ஒரே நாளில் மாற்றாமல் பத்து நாளில் மெல்ல மாற்றுங்கள், இல்லாவிட்டால் வயிற்று வலி வரும்.

கொறங்காட்டுக்காரன்:
ஐயா, பன்னிரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். மருத்துவர் வந்தார். பல்லில் குறையில்லை. நீங்கள் சொன்னபடியே ரத்தத்தில் கால்சியம் சரியாக இருந்தது, மூத்திரத்தில் பாஸ்பரஸ் அதிகம். அதே நோய்தான் என்கிறார், தாது உப்பு எழுதிக் கொடுத்திருக்கிறார். மாமா தோட்டத்திலிருந்து ஒரு வண்டி கடலைக்கொடி கொண்டுவந்து தார்ப்பாய் போட்டு வைத்திருக்கிறோம். கிணற்றடியில் பத்து சென்ட் குதிரைமசால் விதைத்தாகிவிட்டது. முதல் அறுப்புக்கு 75 நாள் ஆகும் என்கிறார்கள். முகத்து மேடு வற்றுமா?

தாராபுரம் லாயம்:
கால் தாங்குவது சில வாரத்தில் குறைய ஆரம்பிக்கும். எலும்பு தேற மாதக்கணக்கில் ஆகும், அதுவரை யாரையும் மேலே ஏற்றாதீர்கள், வண்டியிலும் பூட்டாதீர்கள். மேடு முழுதாக வற்றாமலும் போகலாம், அதனால் அதற்குத் தொல்லை இல்லை. மெல்லுவது எப்படி இருக்கிறது?

கொறங்காட்டுக்காரன்:
நேற்று சாயங்காலம் வைத்த கடலைக்கொடியில் ஒரு வாய்கூடக் கீழே போடவில்லை ஐயா. பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.