‘எதிர்மறை வலுவூட்டல்’: மாற்றுச் சொல் தேவை

மடல் 1

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

ஒரு நடத்தை ஏன் நிகழ்கிறது என்று ஆராய்ந்து அதை மாற்ற உதவும் பயன்பாட்டு நடத்தைப் பகுப்பாய்வில் முதுகலை படிக்கிறேன். எங்கள் துறையின் பருவச் செய்திமடலைத் தமிழில் தரும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. பெரும்பகுதி தொல்லை தரவில்லை. யார் எந்தப் பயிற்சி நிலையத்துக்குப் போகிறார்கள், மேற்பார்வையின்கீழ் முடிக்கவேண்டிய 2000 மணி நேரக் களப்பயிற்சியை எப்படிக் கணக்கு வைப்பது, சான்றளிப்புத் தேர்வில் 4 மணி நேரத்தில் 185 வினாக்களைச் சமாளிப்பது எப்படி என்பவற்றையெல்லாம் ஒரே மூச்சில் எழுதிவிட்டேன். ஆய்வேடுகள் பகுதிக்கு வந்ததும் ஒரு சொல்லில் இடறி நிற்கிறேன்.

சொல் புதிதல்ல. ஆங்கிலத்தில் negative reinforcement; கல்வி உளவியல் பாடநூல்களில் ‘எதிர்மறை வலுவூட்டல்’ என்று நெடுங்காலமாக இருக்கிறது. நானும் அதைத்தான் இட்டேன். படித்துப் பார்க்கக் கொடுத்த ஒரு தாய் தாளைத் திருப்பித் தந்துவிட்டு, “பிள்ளையைத் திட்டித் திருத்துவதைத்தானே இப்படி நாகரிகமாக எழுதியிருக்கிறீர்கள்?” என்று கேட்டார். இல்லை என்று விளக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. ஒரு கலைச்சொல்லுக்குக் கால் மணி நேர வக்காலத்து வேண்டுமென்றால் அந்தச் சொல்லில்தான் ஏதோ கோளாறு.

துறைக்கு வெளியில் உள்ளவர்களுக்காக ஒரு காட்சி. வகுப்பில் எழுதச் சொன்னதும் ஒரு சிறுவன் தாளைக் கிழித்தெறிகிறான். ஆசிரியர் கோபத்தோடு மிச்சத் தாள்களையும் பிடுங்கிக்கொண்டு, ‘மூலையில் போய் உட்கார்’ என்கிறார். ஆசிரியரின் கணக்கில் இது தண்டனை. சிறுவனின் கணக்கில் எழுத்து வேலை தொலைந்தது. மறுநாளும் கிழிக்கிறான், அடுத்த நாள் இன்னும் விரைவாகக் கிழிக்கிறான். பிடிக்காத ஒன்று நீங்கியதால் கிழிக்கும் பழக்கம் வலுத்துவிட்டது. இதற்குத்தான் அந்தப் பெயர். நடத்தை குறையவில்லை, கூடியிருக்கிறது. ஆனால் ‘எதிர்மறை’ என்ற அடைமொழியைக் கண்டவுடன் வாசகர் மனத்தில் பிரம்பு வந்து நிற்கிறது.

மாற்றுச் சொல் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை செய்திமடலை ஒப்படைக்க வேண்டும்.

மடல் 2

அன்பு மகளுக்கு,

உங்கள் துறை எனக்குப் புதிது. தமிழாசிரியனாக இருந்து ஓய்வுபெற்றவன். சொல்லைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

நேர்மறை, எதிர்மறை என்ற அடைமொழிகள் கூட்டல் குறி, கழித்தல் குறி என்ற பொருளில்தான் வந்திருக்கின்றன என்றால், கணக்குப் பாடத்தில் அதற்கு நல்ல இணை ஏற்கெனவே இருக்கிறது: மிகை எண், குறை எண். ஆகவே மிகை வலுவூட்டல், குறை வலுவூட்டல் எனலாம்.

அது பிடிக்கவில்லையென்றால் இன்னொன்று. அந்தச் சிறுவன் ஒன்றைப் பெற்றானா, ஒன்றிலிருந்து விடுபட்டானா என்பதுதானே வேறுபாடு? பெறுவது பேறு, விடுபடுவது வீடு. இரண்டும் முதல் நீண்ட தொழிற்பெயர்கள், எவ்வளவு கச்சிதம் பாருங்கள்! பேற்று வலுவூட்டல், வீட்டு வலுவூட்டல். அறம், பொருள், இன்பத்துக்குப் பின் வரும் வீடு உங்கள் ஆய்வேட்டிலும் இடம்பெறட்டுமே.

ஒரு கேள்வி. வலுவூட்டல் என்ற பாதிக்கு மறுப்பில்லையா? இலங்கைக் கல்வியியல் நூல்களில் ‘மீளவலியுறுத்தல்’ என்று பார்த்த நினைவு.

மடல் 3

ஐயா, வணக்கம்.

‘வீட்டு வலுவூட்டல்’ படித்துவிட்டு நெடுநேரம் சிரித்தேன். எங்கள் செய்திமடலில் ‘வீட்டுப் பயிற்சி’ என்று ஒரு பத்தியே இருக்கிறது. அதன் பக்கத்தில் இதை வைத்தால், பெற்றோர் வீட்டில் செய்யவேண்டியது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். முத்தியை நினைக்க யாருக்கும் நேரமிருக்காது.

மிகை, குறை பற்றி ஓர் இரவு முழுவதும் யோசித்தேன். எண்ணுக்கு முன்னால் நிற்கும்போது ‘குறை’ குறியாக இருக்கிறது. வேறு எந்தப் பெயருக்கு முன்னால் வைத்தாலும் அது அளவாகவோ பழுதாகவோ மாறிவிடுகிறது: குறை மாதம், குறைப் பிரசவம். குறை வலுவூட்டல் என்றால் போதிய அளவு வலுவூட்டவில்லை என்று பொருள்படும். எங்கள் துறையில் அதுவும் தனியாகப் பேசப்படும் செய்தி. மிகை வலுவூட்டலோ அளவுக்கு மீறிய சலுகை போலத் தோன்றுகிறது.

இந்தக் குழப்பம் தமிழில் தொடங்கியதல்ல என்பது ஒரு விதத்தில் ஆறுதல். இந்தச் சொற்களை நிலைநாட்டிய அமெரிக்க உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னரே 1938இல் வந்த முதல் நூலில், இன்று நாம் தண்டனை என்று சொல்வதைத்தான் எதிர்மறை வலுவூட்டல் என்று எழுதியிருந்தார். 1953இல் வந்த நூலில் மாற்றிக்கொண்டார்: விரும்பத்தகாத ஒன்று நீங்குவதால் நடத்தை வலுப்பதே எதிர்மறை வலுவூட்டல், தண்டனை வேறு. அவருக்கே பதினைந்து ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. ஆங்கிலத்தில் படிக்கும் மாணவர்களும் தேர்வில் இன்றுவரை வழுக்கி விழும் இடம் இதுதான். மூலத்திலேயே ஓட்டையாக இருக்கும் பானையை ஓட்டையோடு வார்த்துத் தரவேண்டிய கட்டாயம் நமக்கு என்ன? மொழிபெயர்ப்பவருக்குக் கிடைக்கும் அரிய வாய்ப்பு என்றே இதை நினைக்கிறேன்.

மீளவலியுறுத்தலை நானும் பார்த்திருக்கிறேன். ‘மீள’ நன்றாக இருக்கிறது. மறுபடி நிகழ்வது என்ற குறிப்பு அதில் உண்டு. ஆனால் ‘வலியுறுத்தல்’ இன்று கோரிக்கை வைப்பவர்களின் சொல்லாகிவிட்டது. மாணவனிடம் எதையோ மீண்டும் மீண்டும் அழுத்திச் சொல்வதாகவே படிப்பவருக்குத் தோன்றும். வலுவூட்டல் இருக்கட்டும். வலுவூட்டி என்று பொருளுக்கும் பெயர் கிடைக்கிறது, வலுவூட்ட அட்டவணை என்று நீட்டவும் முடிகிறது.

இனி என் முன்மொழிவு. முதலில் ‘இட்டு வலுவூட்டல், நீக்கி வலுவூட்டல்’ என்று வைத்தேன். இட்டார், நீக்கினார், நடந்தது என்னவென்று சொல்லிலேயே தெரிகிறது. 1968இல் பேயர், வுல்ஃப், ரிஸ்லி மூவரும் இந்தத் துறைக்கு வரையறை தந்த கட்டுரையில் ஒரு நிபந்தனை உண்டு: செய்முறையை விவரித்தால், பயிற்சி பெற்ற ஒருவர் படித்துவிட்டு அதே செயலைத் தாமும் செய்ய முடியவேண்டும். கலைச்சொல்லுக்கும் அதைப் பொருத்திப் பார்க்கலாமே. ‘எதிர்மறை’ என்று படித்துவிட்டு யாரும் எதையும் செய்ய முடியாது. ‘நீக்கி’ என்று படித்தால் எதை நீக்க வேண்டும் என்ற கேள்வியாவது பிறக்கும்.

இதே அச்சில் தண்டனையையும் வார்த்துவிடலாம் என்று ஆசை. எங்கள் துறையில் தண்டனை என்பது ஒருவருக்குக் கொடுப்பதல்ல. ஒரு நடத்தையைக் குறைக்கும் எந்தப் பின்விளைவும் தண்டனைதான். சூடான பாத்திரத்தைத் தொட்டுக் கை சுட்டுக்கொண்டவரை யாரும் தண்டிக்கவில்லை, ஆனாலும் கணக்கில் அது தண்டனை. வலித்தல், மெலித்தல் என்று செய்யுள் விகாரத்தில் ஓர் இணை இருக்கிறதே என்று நினைத்துப் பார்த்தேன். ‘குழந்தையின் நடத்தையை வலித்தோம்’ என்று எழுதினால் துறையையே மூடிவிடுவார்கள். ஆகவே வலுவூட்டல் × மெலிவூட்டல். இட்டு மெலிவூட்டல், நீக்கி மெலிவூட்டல். பிடித்தமான விளையாட்டுப் பொருளைச் சிறிது நேரம் எடுத்து வைப்பதால் அடிக்கும் பழக்கம் குறைந்தால், அது நீக்கி மெலிவூட்டல். நான்கு கட்டத்துக்கு நான்கு பெயர்கள், ஒன்றிலும் திட்டு இல்லை, பிரம்பும் இல்லை.

மடல் 4

தங்கைக்கும் ஐயாவுக்கும் வணக்கம்.

பதினோராண்டுகளாகக் குழந்தைகளோடு இந்தத் தொழிலில் இருக்கிறேன். மூன்று செய்திகள்.

முதலாவது, இட்டு, நீக்கி என்றால் யார் இட்டார், யார் நீக்கினார் என்று எழுவாய் கேட்கிறது. தலைவலிக்கு மாத்திரை போட்டு வலி போனால் அடுத்த தலைவலிக்கும் கை மாத்திரையைத் தேடுகிறது. அரித்த இடத்தைச் சொறிந்தால் அரிப்பு அடங்குகிறது, ஆகவே மறுபடி சொறிகிறோம். இங்கே யாரும் யாருக்கும் எதையும் நீக்கவில்லை. வலி நீங்கியது, அரிப்பு நீங்கியது, அவ்வளவுதான். பிறவினையைப் போட்டுவிட்டால் பாதி எடுத்துக்காட்டுகள் சொல்லுக்கு வெளியே போய்விடும். தன்வினை வேண்டும்.

இரண்டாவது, நேர்மறை, எதிர்மறை என்ற இந்தப் பிரிவினையே தேவையில்லை என்று நம் துறை ஆய்வாளர் ஜாக் மைக்கேல் 1975இல் எழுதியதை நீங்களும் படித்திருப்பீர்கள். குளிரில் நடுங்குபவர் கணப்பை மூட்டுகிறார். வெப்பம் வந்ததால் மூட்டினாரா, குளிர் போனதால் மூட்டினாரா? இரண்டும் ஒரே மாற்றத்தின் இரு பக்கங்கள். வந்தது, போனது என்று பெயரிலேயே அடித்து வைத்தால் இந்தக் கேள்வியை எழுப்ப இடமிருக்காது. ஆனாலும் நான் மைக்கேல் பக்கம் நிற்கமாட்டேன். குழந்தை ஏன் கிழிக்கிறது என்று பார்க்கப் போகும்போது, கவனம் கிடைப்பதற்காகவா, வேலையிலிருந்து தப்புவதற்காகவா என்பதுதான் முதல் கேள்வி. விடை மாறினால் செய்யவேண்டியதும் தலைகீழாக மாறும். தப்புவதற்காகக் கிழிப்பவனை மூலைக்கு அனுப்புவது அவன் கேட்டதையே கையில் கொடுப்பது. பிரிவினை இருக்கட்டும்.

மூன்றாவது சின்னது, ஆனால் என்னை மிகவும் உறுத்துவது. ‘ஊட்டு’ என்றதும் நம் வாய் தானாகக் ‘குழந்தைக்கு’ என்கிறது. சோறு ஊட்டிய பழக்கம். வலுவூட்டுவது குழந்தைக்கல்ல, நடத்தைக்கு. பயிற்சியாளர்கள் எழுதும் அறிக்கைகளில் ‘குழந்தைக்கு வலுவூட்டினேன்’ என்பதைச் சிவப்பு மையால் அடித்து அடித்துக் கை ஓய்ந்துவிட்டது. ‘வலுப்படுத்தல்’ என்றால் ‘நடத்தையை’ என்று இரண்டாம் வேற்றுமை வந்து அந்தச் சிக்கல் குறையும்.

மடல் 5

அக்கா,

தன்வினை பற்றிச் சொன்னதில் ஒரு சொல்கூட மறுக்க முடியவில்லை. ‘நீக்கி’ போய்விட்டது. ‘நீங்கல்’ வந்துவிட்டது. ஐயா, ஐந்தாம் வேற்றுமையின் பொருள்களுள் முதலாவதே நீங்கல்தான் என்பது இப்போதுதான் நினைவுக்கு வந்தது: மலையின் வீழ் அருவி. அருவியை யாரும் தள்ளிவிடவில்லை, அதுவாக நீங்குகிறது. கையிலேயே இருந்ததை ஊரெல்லாம் தேடியிருக்கிறேன்.

இணைச் சொல்லுக்குச் ‘சேர்க்கை’ என்று எழுதிப் பார்த்தேன். அடுத்த பக்கத்தில் ‘மாணவர் சேர்க்கை’ அறிவிப்பு பல்லை இளித்தது. ‘வரவு’ பொருந்துகிறது. வரவுக்கும் எழுவாய் கேட்கவேண்டியதில்லை. ஆகவே வரவு வலுவூட்டல், நீங்கல் வலுவூட்டல்; வரவு மெலிவூட்டல், நீங்கல் மெலிவூட்டல்.

வலுப்படுத்தலுக்கு மாறவில்லை, மன்னியுங்கள். பாடநூலில் பாதியையாவது அப்படியே வைத்தால்தான் பழைய மாணவர்கள் அடையாளம் கண்டுகொள்வார்கள். ‘நடத்தைக்கு’ என்று எழுதுவதை நான் பார்த்துக்கொள்கிறேன். சிவப்பு மை உங்களிடம் இருக்கட்டும். மெலிவூட்டலை இந்தச் செய்திமடலில் இறக்கவும் துணிவில்லை. தண்டனை என்ற சொல்லை எடுத்துவிட்டால், செய்வதை மறைக்க மென்மையான பெயர் தேடுகிறோம் என்ற குற்றச்சாட்டு வரும்; அதில் நியாயமும் உண்டு. அதைத் தனியாகப் பேசவேண்டும்.

அச்சுக்குப் போகும் பத்தி இது:

“எழுதச் சொன்னதும் தாளைக் கிழிக்கும் சிறுவனிடமிருந்து தாளை எடுத்துவிட்டால், கிழிக்கும் பழக்கம் மேலும் கூடலாம். பிடிக்காத வேலை நீங்குவதால் அந்த நடத்தை வலுக்கிறது. இதை நீங்கல் வலுவூட்டல் என்கிறோம் (பாடநூல்களில் எதிர்மறை வலுவூட்டல்). ‘கொஞ்சம் ஓய்வு வேண்டும்’ என்று சொல்லவோ அட்டையைக் காட்டவோ கற்றுக்கொடுத்து, அப்படிக் கேட்டதும் வேலையைச் சற்று நிறுத்தினால், அதே நீங்கல் இப்போது நல்ல பழக்கத்துக்கு வலுவூட்டும்.”

நேற்று அந்தத் தாயிடமே இதைக் கொடுத்தேன். படித்துவிட்டு, “அப்படியானால் இத்தனை நாளும் அவன் அழுததும் புத்தகத்தை மூடி வைத்தேனே, நானேதான் பழக்கிவிட்டேனா?” என்றார். இந்த முறை சொல்லை விளக்கவேண்டி வரவில்லை. அவரைத் தேற்றத்தான் கால் மணி நேரம் ஆயிற்று.

அடுத்த இடறல் தயாராக இருக்கிறது. வலுவூட்டி வராமல் நிறுத்தினால் நடத்தை மெல்ல மெல்ல இல்லாமல் போவதற்கு யாரோ ‘அணைத்தல்’ என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ‘அழும் குழந்தையிடம் அணைத்தல் முறையைக் கையாளவும்’ என்று படிக்கும் பெற்றோர் என்ன செய்வார்கள் என்று நினைக்கிறீர்கள்? எனக்கு ‘ஓயவிடல்’ என்று தோன்றுகிறது. ஐயா, உங்களுக்கு?