நான் இல்லாத நாளிலும் சர்வரைப் பார்த்துக்கொள்ள ஒரு வழி வேண்டும்

நண்பர்களுக்கு வணக்கம். கோவையில் பம்பு உதிரிபாகம் செய்யும் ஒரு சிறு பட்டறையின் கணினிகளை நான் பார்த்துக்கொள்கிறேன். கோப்புகளைப் பகிர, சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் சாம்பா என்ற மென்பொருள் ஓடுகிறது. அந்தப் பதிப்புக்கான ஆதரவு 2024 ஜூன் 30-உடன் முடிந்துவிட்டதால், அல்மாலினக்ஸ் 9 என்ற இன்னொரு லினக்ஸுக்கு மாறப் போகிறோம். 2032 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும் என்றதும் முதலாளி சம்மதித்துவிட்டார்.

மாற்றுவது எனக்குச் சிரமமில்லை. அதன் பிறகுதான் கவலை. புதிதாகச் சேர்பவருக்குப் பயனர் கணக்குத் திறக்க நான் எழுதிக் கொடுத்த நான்கு கட்டளைகளை, கணக்கு எழுதும் அக்கா திரையின் ஓரத்தில் ஒட்டி வைத்திருக்கிறார். போன மாதம் ஓர் எழுத்து தவறி, வரைபடக் கோப்புறையின் அனுமதியே மாறிப்போனது. அரை நாள் யாராலும் எதையும் திறக்க முடியவில்லை. அவர் கலங்கிப்போனார். தவறு அவருடையதல்ல, அந்தக் கருப்புத் திரையை அவரிடம் கொடுத்த என்னுடையது.

சர்வரை நிர்வகிக்க உதவும் காக்பிட் என்ற மென்பொருளை நிறுவிப் பார்த்தேன். பிரவுசரிலேயே வட்டின் நிறைவு, சேவைகளின் நிலை எல்லாம் தெளிவாகத் தெரிகின்றன. ஆனால் சாம்பாவுக்குத் தனிச் செருகுநிரல் வேண்டும். அதே வேலைக்கான வெப்மின் என்ற மென்பொருளிலோ ஒருவருக்குத் தேவையான பகுதிகளை மட்டும் திறந்துவிடலாம். என் மனம் அதன் பக்கமே சாய்கிறது.

அலுவலக ஊழியரிடம் வெப்மினின் சாம்பா பகுதியை மட்டும் ஒப்படைத்து நடத்தியவர்கள் இருக்கிறீர்களா? லினக்ஸ் கடவுச்சொல்லும் சாம்பா கடவுச்சொல்லும் சேர்ந்தே மாறும்படி எப்படி அமைத்தீர்கள்? வெப்மின் பயன்படுத்தும் 10000 போர்ட்டை அலுவலக உள்வலைக்குள் மட்டும் திறந்து வைத்தால் போதுமா? தமிழில் எழுதிய வழிமுறை யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள். அச்செடுத்து அக்காவிடம் கொடுத்துவிடுவேன்.