ஓய்வுபெற்ற கிரேஹவுண்டை லீஷ் இல்லாமல் விடலாமா?

நெட்டைக்கால்: நாய்ப் பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற கிரேஹவுண்ட் நாயை வீட்டில் வளர்ப்பது பற்றி வெள்ளைவால் எழுதியதைப் படித்தேன். "நாலு மாதம் பழக்கினால் போதும், மைதானத்தில் லீஷைக் கழற்றிவிடலாம், கூப்பிட்டால் வரும்" என்கிறார். ஐயா, இது கண்ணால் பார்த்துத் துரத்துகிற நாய். மணிக்கு 60 கி.மீ.க்கு மேல் பறக்கும். முயல் ஒன்று குறுக்கே ஓடினால் உங்கள் குரல் அதன் காதில் ஏறவே ஏறாது. இதை நம்பி எத்தனை பேர் நாயைத் தொலைக்கப்போகிறார்களோ.

வெள்ளைவால்: மூன்று வருடமாகக் கழற்றித்தான் விடுகிறேன். ஒரு நாள்கூட ஓடிப்போகவில்லை.

நெட்டைக்கால்: "இன்றுவரை" என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

எட்டாம்தடம்: மைதானம் என்றால் சுற்றிலும் வேலி போட்டதா, திறந்தவெளியா?

கம்பளி: ஓட்டம் ஓட்டம் என்கிறீர்களே, என்னுடையது நாள் முழுக்க சோபாவில்தான் கிடக்கிறது. பட்டியில் வளர்ந்த நாய், மாடிப்படியையே பார்த்ததில்லை. முதல் நாள் கீழ்ப்படியில் அரைமணி நேரம் நின்று அழுதது. கண்ணைத் திறந்தபடியே தூங்கும். விழித்திருக்கிறது என்று நினைத்துத் தொட்டேன், உறுமிவிட்டது. வீட்டில் குழந்தை இருப்பவர்கள் முதலில் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நெட்டைக்கால்: சரி, அதெல்லாம் இருக்கட்டும். லீஷைக் கழற்றலாமா கூடாதா?

பூனைக்கட்சி: பூனை இருக்கும் வீட்டுக்குச் சரிப்படுமா?

நெட்டைக்கால்: சிலது பழகும், சிலது கடைசிவரை பழகாது. வீட்டுக்குள்ளும் முதல் சில வாரம் வாய்ப்பூட்டு, லீஷ். பார்த்தீர்களா, அங்கேயும் லீஷ்தான்!

வெள்ளைவால்: உங்களுக்கு லீஷ் பைத்தியம்.

நெட்டைக்கால்: போன தடவை கழுத்துப்பட்டை விஷயத்திலும் இப்படித்தான் பேசினீர்கள். தலையைவிடக் கழுத்து தடித்த நாய், சாதாரணப் பட்டை தலை வழியாக உருவிக்கொண்டு வந்துவிடும், இழுத்தால் இறுகுகிற மார்ட்டிங்கேல் பட்டை வாங்குங்கள் என்றேன். சிரித்தீர்கள். அடுத்த மாதம் போட்ட படத்தில் உங்கள் நாயின் கழுத்தில் இருந்தது என்ன?

வெள்ளைவால்: அது அழகுக்காக.

நெட்டைக்கால்: ஆமாம், ஆமாம்.

கறுப்புக்கொடி: இந்த நாய்களைத் தத்தெடுப்பதே பந்தயக்காரர்கள் போடும் குப்பையை அள்ளுகிற வேலை. நீங்கள் அள்ள அள்ள அவர்கள் இன்னும் வளர்ப்பார்கள்.

கம்பளி: சீனாவின் மக்காவ் நகரில் 2018இல் நாய்ப் பந்தயத் திடலை மூடியபோது 500க்கும் மேற்பட்ட நாய்கள் அங்கே நின்றன. யாரும் எடுத்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும்?

கறுப்புக்கொடி: அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் 2018இல் பந்தயத்தை நிறுத்தச் சொல்லி மக்கள் வாக்களித்தார்கள், 2020 முடிவோடு பந்தயம் நின்றது. அதுதான் வழி. சோபாவில் படுக்கவைப்பது அல்ல.

கம்பளி: வாக்களித்த பிறகு அந்த நாய்கள் எங்கே படுக்கும்? உங்கள் கொடியின் மேலா?

நெட்டைக்கால்: அந்த நாய்களிடம் போய்க் கேளுங்கள். குட்டியிலிருந்தே ஓடுகிற பொம்மையைத் துரத்தத்தான் பழக்கியிருக்கிறார்கள். நாலு மாதத்தில் அது மறந்துவிடுமாம்!

எட்டாம்தடம்: வேலி இருக்கிறதா என்று கேட்டேன்.

வெள்ளைவால்: ஒவ்வொரு நாயும் ஒரு மாதிரி. உங்களுடையது சொல்பேச்சு கேட்கவில்லை என்றால் அது உங்கள் வளர்ப்பு.

நெட்டைக்கால்: என் வளர்ப்பையா சொல்கிறீர்கள்? இது நான் வளர்க்கும் நாலாவது கிரேஹவுண்ட். பந்தயத்தில் கால் முறிந்து வந்தவளைத் தேற்றியவன் நான். அவள்கூட ஒரு அணிலைப் பார்த்து மூன்று காலில் பாய்ந்தாள். லீஷ் கையில் இருந்ததால் பிழைத்தாள்.

வெள்ளைவால்: நாளைக் காலையும் கழற்றித்தான் விடப்போகிறேன்.

நெட்டைக்கால்: விடுங்கள். சாயங்காலம் "காணவில்லை" என்று படம் போடும்போது அந்த அழகுப் பட்டை தெரிகிற மாதிரி போடுங்கள்.